நீலத் தண்ணீரில் நீந்த ஆசையா? மாசம் பாருங்கள், திதி பாருங்கள், மீசைக்கு வாசலின் தடவுங்கள்

ஆடி மாசம் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் ஒகேனக்கல்லில் செம்மண் கரைந்த வெள்ளம்தான். குளிக்கவும் தடை, பரிசலும் ஓடாது. அதே ஆறு மாசி, பங்குனியில் தெளிந்து, அடியில் இருக்கும் பாறை தெரிய ஓடும். ஆறு மாறவில்லை, மாசம்தான் மாறியிருக்கிறது. கடலும் அப்படித்தான். "போட்டோவில் பார்த்த நீலம் நேரில் இல்லை" என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சரியான ஊருக்குத் தப்பான மாசத்தில் போனவர்கள்.

பாஸ்போர்ட் எடுப்பது, டிக்கெட் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

படி 1: முதலில் மாசம், அப்புறம் ஊர்

தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், நீலத்தை விட்டுவிடும். அந்த நீலம் நம் கண்ணுக்கு வர மூன்று விஷயம் வேண்டும். தண்ணீரில் மண் கலக்கக் கூடாது, பாசி பெருகக் கூடாது, அடியில் வெள்ளை மணல் இருக்க வேண்டும். பெரிய ஆறே இல்லாத பவளத் தீவுகளில் மூன்றும் சேர்ந்து கிடைக்கும். ஆறுகள் வண்டல் கொண்டு வந்து கொட்டுகிற, அலை ஓயாமல் மணலைக் கிளறுகிற நம் கிழக்குக் கரையில் கிடைப்பது கஷ்டம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் அந்தமான். ஹேவ்லாக், நீல் என்று நாம் சொல்லிப் பழகிய தீவுகளுக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர். போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட் போடும்போது பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ராதாநகர் கடற்கரை மேற்கைப் பார்த்தது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக அதன் மேல்தான் மோதும், அதனால் ஜூன், ஜூலையில் போகாதீர்கள். லட்சத்தீவுக்கு அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரை. மாலத்தீவுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

பிள்ளைகளுக்கு மே மாசம்தான் லீவு என்கிறவர்கள் திருகோணமலையைப் பாருங்கள். இலங்கையின் கிழக்குக் கரை என்பதால் தென்மேற்குப் பருவமழையை நடுவில் இருக்கும் மலைகள் பெருமளவு தடுத்துவிடும். நிலாவெளியும் புறாத்தீவும் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். படகுக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். என் ஓட்டு திருகோணமலைக்குத்தான்.

நீலக்கொடிச் சான்று பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்குப் பக்கத்துக் கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் 2021-இல் அதை வாங்கின. சுத்தம், பாதுகாப்பு, கழிப்பறை வசதி எல்லாம் பார்த்துத் தருகிற சான்று அது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சான்றும் தெளிவும் சேர்ந்து வேண்டுமென்றால் 2020-இல் வாங்கிய ராதாநகர், 2022-இல் வாங்கிய லட்சத்தீவின் மினிக்காய் துண்டி, கட்மத் கடற்கரைகள் இருக்கின்றன.

படி 2: வானத்திலிருந்து பாருங்கள்

இன்ஸ்டாகிராம் படத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். கோபர்நிக்கஸ் பிரவுசர் என்று ஐரோப்பியர்களின் இலவச இணையதளம் இருக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுத்த படங்கள் தேதிவாரியாகக் கிடைக்கும். கூகுள் மேப்பில் என்றோ எடுத்த ஒரே படம்தான் தெரியும், இங்கே தேதி நம் கையில். அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள். கிருஷ்ணகிரி அணையைத் தேடி, வெவ்வேறு மாசங்களில் எடுத்த படங்களைப் பாருங்கள். பச்சை தூக்கலாக இருந்தால் பாசி, பழுப்பாக இருந்தால் புது மழைத் தண்ணீர். பிறகு லட்சத்தீவின் அகத்தித் தீவுக்குப் போங்கள். தீவைச் சுற்றி வெளிர்நீல வளையம், அதற்கு வெளியே திடீரென்று கருநீலம். வெளிர்நீலம்தான் ஆழம் குறைந்த காயல், நமக்கான இடம். அதில் திட்டுத்திட்டாகக் கருமை தெரிந்தால் பவளப்பாறை அல்லது கடல்புல். நீங்கள் போகப்போகிற அதே வாரத்தின் போன வருடப் படத்தையும் அதற்கு முந்தைய வருடப் படத்தையும் திறந்து வையுங்கள். இரண்டிலும் மேகம் மூடியிருந்தால் அதுவே பதில்.

படி 3: காலண்டரில் திதி

ஷஹீத் தீவுக்குப் போய் முழங்கால் தண்ணீரில் பவளத்தின் மேல் தடுமாறி நின்றுவிட்டு வருகிறவர்கள் உண்டு. காரணம் வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்குகிற நேரம். அங்கே நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமி, நவமி, தசமியை ஒட்டி வித்தியாசம் குறையும், கலங்கலும் குறையும்.

எங்கள் வீட்டில் அஷ்டமி, நவமியில் ஊருக்குக் கிளம்பவே விடமாட்டார்கள். கடலில் நீந்த அதுதான் தோதான நாள். சப்தமியிலேயே கிளம்பிவிட்டால் வீட்டிலும் பிரச்சனை இல்லை.

நேரம்: தினமும் ஏற்றம் தொடங்கியபின் இறங்குங்கள். வெளிக்கடலின் சுத்தமான தண்ணீர் அப்போதுதான் உள்ளே வரும். அது காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் அமைந்தால் சூரியன் தலைக்கு மேல் இருக்கும், நிறம் எடுப்பாகத் தெரியும். காற்று எப்படி என்று பார்க்க வின்டி ஆப் போதும். பத்து ஆப் வேண்டாம்.

படி 4: போகிற வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நம்மவர்கள் அந்தமானுக்கு பெங்களூரிலிருந்தே விமானம் ஏறலாம், சென்னை வரை போக வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே, நாம் நுழைவது தெற்கே. ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய், அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்து பிடியுங்கள். ஊர் நெரிசலுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

லட்சத்தீவுக்குக் கொச்சி வழி. பெங்களூர் - எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தர்மபுரி இரண்டிலும் நிற்கும், பகல் வண்டி. கொச்சியிலிருந்து கப்பல் என்றால் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். இல்லையென்றால் அகத்திக்கு விமானம். நுழைவு அனுமதி கையில் இல்லாமல் எதிலும் ஏற்றமாட்டார்கள். அனுமதி வந்தபிறகு ரயில் டிக்கெட் போடுங்கள், மாற்றிச் செய்தால் பணம்தான் போகும்.

மாலத்தீவுக்கு விசா அங்கே போய் இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமூகா (IMUGA) என்கிற பயண விவரப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். அதுவும் இலவசம்தான், காசு கேட்கிற போலித் தளங்களில் மாட்டாதீர்கள்.

படி 5: மாஸ்க்கும் மீசையும்

இந்தப் படியில்தான் நம் ஆட்கள் பாதிப்பேர் சோர்ந்து கரைக்குத் திரும்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

தண்ணீருக்குள் பார்க்கக் கண்ணையும் மூக்கையும் மூடிப் போடுகிற மாஸ்க்கின் சிலிக்கான் ஓரம் தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. மீசை அடர்த்தியாக இருந்தால் முடிக்கு நடுவில் தண்ணீர் கசிந்து மூக்குக்கு ஏறும், உப்பு எரியும், பயம் வரும். மீசையை எடுக்கச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் வரமாட்டார்கள். மூக்குக்குக் கீழே, மேலுதட்டை ஒட்டாமல், ஒரு விரல்கடை அகலத்துக்கு முடியை ஒட்ட நறுக்குங்கள். மிச்சத்தில் வாசலின் தடவி அழுத்திவிடுங்கள். பழைய ரப்பர் மாஸ்க்காக இருந்தால் தடவ வேண்டாம். ஒகேனக்கல் பழக்கத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்காதீர்கள். மாஸ்க் நிற்காமல் வழுக்கும், எண்ணெய் பவளத்துக்கும் ஆகாது.

வாங்கும்போது: பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. முகம் முழுக்க மூடுகிற பெரிய மாஸ்க் வேண்டவே வேண்டாம். விட்ட மூச்சே உள்ளே தங்கிவிடும் ஆபத்து அதில் உண்டு, அவசரத்துக்குச் சட்டென்று கழற்றவும் வராது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. பனி படியாமல் இருக்க ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தேய்த்து அலசினால் போதும்.

முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சுவிட உதவும் ஸ்நார்கெல் குழாயை முதல்முறை கடலில் வாயில் வைக்காதீர்கள். வீட்டில் பக்கெட்டில் முகத்தை அமுக்கி, வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகுங்கள். ஐந்து நிமிடம் பதறாமல் இருக்க வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

படி 6: தண்ணீருக்குள்

கிணற்றில் நீச்சல் கற்றவர்களுக்கு உப்புத் தண்ணீர் இன்னும் சுலபம், உடம்பு தானாக மிதக்கும். ஆனால் பிடித்துக்கொள்ளச் சுவரும் படியும் கிடையாது. இன்னொன்று, தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். மேலிருந்து நேராகப் பார்த்தால் 12 அடி 9 அடி போலத் தெரியும். "அடி தெரியுதே, நின்னுடலாம்" என்று நீச்சல் தெரியாதவர்கள் இறங்குவது இதனால்தான். லைஃப் ஜாக்கெட் போட்டே இறங்குங்கள்.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். கள்ளக்கடல் (உள்ளூரில் காற்று இல்லாதபோதும் திடீரென்று எழுகிற பேரலை) எச்சரிக்கை இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அந்தமானில் சதுப்புநில ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் முதலை உண்டு. 2010-இல் ராதாநகர் பக்கம் ஒரு அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் இறங்காதீர்கள்.

பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, துண்டு எடுத்து வரவும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சேர்த்தவை: வாசகர்கள் கேட்டவை

"சேலையோட இறங்கலாமா?" என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா, நனைந்த துணி காலைச் சுற்றும். துப்பட்டாவும் அப்படித்தான். முழுக்கை லைக்ரா சட்டையும் லெக்கின்ஸும் போதும், வெயிலுக்கும் அதுதான் நல்லது. மாலத்தீவில் மக்கள் வசிக்கும் மாஃபுஷி போன்ற தீவுகளில் நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். முழுக்கை போட்டவர்களுக்கு எந்தக் கரையிலும் தடையில்லை.

"உலகத்திலேயே தெளிவான தண்ணீர் எது?" என்று கேட்ட தம்பிக்கு: நியூசிலாந்தின் ப்ளூ லேக். தண்ணீருக்குள் 70 மீட்டருக்கும் மேல் பார்வை போகும். அதில் நீந்தத் தடை, கைகூட நனைக்கக் கூடாது.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, கூட்டிப்போனால் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா என்று அரூரிலிருந்து ஒருவர். இல்லை. அந்தமானில் ஜாலிபாய், நார்த் பே இரண்டிலும் அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்தே மீனும் பவளமும் பார்க்கலாம். ஜாலிபாய் வருடம் முழுக்கத் திறந்திருக்காது, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைப் படகில் ஏற்ற விடமாட்டார்கள், அம்மாவுக்குத் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் எடுங்கள்.