பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தீட்டுவது எப்படி? மேலாண்மைக் குழுவின் புதிய உறுப்பினர்களுக்கு

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வரும் பெற்றோர் பலர், கையெழுத்துப் போடத்தான் தங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21ஆவது பிரிவின்படி குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இந்தக் குழுவின் வேலை. அரசு தரும் மானியங்களுக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது 22ஆவது பிரிவு. உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் மட்டும் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்புதான் உண்டு.

முதலில் பணக்கணக்கு

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வரும் பள்ளி மானியம், மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆண்டுக்கு, 30 பேர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1 லட்சம். இவை உச்ச அளவுகள். அந்தந்த ஆண்டு ஒப்புதலாகி வரும் தொகை குறையலாம், தாமதமாகவும் வரலாம்.

எண்ணிக்கை, பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் அரசின் இணையதளமான யூடைஸ் பிளஸ் தளத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பள்ளியில் சேர்ந்தும் பதிவேறாமல் விடுபட்ட ஒரே ஒரு குழந்தையால் மானியம் 50,000-லிருந்து 25,000-க்கு இறங்கிவிடக்கூடும். வருகைப் பதிவேட்டையும் தளத்தில் உள்ள எண்ணிக்கையையும் குழு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

இந்த மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் பழுதான சாதனங்களை மாற்றலாம். சுண்ணக்கட்டி, பதிவேடு, கற்பித்தல் பொருள்கள் வாங்கலாம். இருக்கிற கட்டடத்தையும் கழிப்பறையையும் பழுதுபார்க்கலாம். புதிய வகுப்பறை கட்ட இது ஆகாது. விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் தனி மானியங்கள் உண்டு (தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுக்கு 5,000 ரூபாய்). பந்து வாங்கும் செலவை முதலில் அந்தக் கணக்கில் பாருங்கள்.

பள்ளியைச் சுற்றிப் பாருங்கள்

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, நான்கைந்து உறுப்பினர்கள் பள்ளி நடக்கும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். "கழிப்பறை சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "பெண்கள் கழிப்பறை இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் ஓடுகிறது" என்று எழுதினால் பிளம்பர் தேவையா எலக்ட்ரீஷியன் தேவையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெண் குழந்தைகளிடம் பெண் உறுப்பினர்கள் தனியாகப் பேசட்டும். பொதுவில் கேட்டால் அவர்கள் சொல்ல மாட்டார்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தை படிக்கிறதென்றால், வாசலிலிருந்து வகுப்பு வரையும் வகுப்பிலிருந்து கழிப்பறை வரையும் அந்தக் குழந்தையோடு நடந்து பாருங்கள்.

கூடவே வகுப்புவாரியாகச் சேர்க்கை, நீண்ட நாள் வராத குழந்தைகள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் மட்டுமே இடம்பெறும் திட்டம் பாதித் திட்டம்தான்.

கூட்டத்தில் முடிவெடுப்பது

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. தலைமையாசிரியர் பட்டியலை முன்பே எழுதி வைத்திருப்பார், தலைவர் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார், பதிவேடு சுற்றிவரும். தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாலைக்குள் தீர்மானத்தைச் செயலியில் ஏற்றச் சொல்லி மேலிருந்து நெருக்கும்போது அவருக்கும் வேறு வழி தெரிவதில்லை. நேரம் ஒதுக்கினால் இது மாறும்.

கூலி வேலைக்குப் போகும் பெற்றோரிடம் எந்த நேரம் தோதுப்படும் என்று முன்பே கேளுங்கள். கூட்டத்தில் பெற்றோர் முதலில் பேசட்டும், தலைமையாசிரியர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மறுத்துப் பேச யாரும் துணிவதில்லை. தேவை ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, வாய்விட்டுப் படித்து, தரையில் பரப்புங்கள். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, முக்கியமென்று நினைக்கும் அட்டைமீது வைக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கருத்துக்கும் இதில் அதே எடைதான். எண்ணி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: குறைந்த ஓட்டு வாங்கியதில், ஒரு குழந்தைக்காவது ஆபத்தானது ஏதாவது இருக்கிறதா? தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத தொட்டி போன்றவை ஓட்டைப் பார்க்காமல் முதலிடத்துக்கு வர வேண்டும்.

யாரிடம் கேட்பது என்று பிரிப்பது

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதினால் பெரிய வேலைக்குப் பணம் வரும்வரை சின்ன வேலையும் கிடப்பில் போய்விடும். மூன்றாகப் பிரியுங்கள். மானியத்திலேயே முடிபவை: தாழ்ப்பாள், குழாய், கரும்பலகைக்குப் பூச்சு. ஊராட்சியிடமும் ஊராட்சி ஒன்றியத்திடமும் கேட்க வேண்டியவை: சுற்றுச்சுவர், குடிநீர் இணைப்பு, புதிய கட்டடம். கல்வித் துறையிடம் கேட்க வேண்டியவை: ஆசிரியர் பணியிடம். கொடையாளர் கிடைத்தால், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியும் இருக்கிறது.

86 குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். மானிய உச்சம் 25,000. அதில் 2,500-க்குக் குறையாமல் தூய்மைக்கு. சட்ட அட்டவணைப்படி 61 முதல் 90 குழந்தைகளுக்கு 3 ஆசிரியர்கள். இரண்டு பேர்தான் இருந்தால், "ஆசிரியர் போதவில்லை" என்று எழுதாமல், "86 பேருக்கு 3 பேர் இருக்க வேண்டும், 2 பேர் இருக்கிறார்கள்" என்றே எழுதுங்கள்.

திட்டத்தை எழுதுவது

கல்வி உரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி இது மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுக்கொரு உட்பிரிவோடு. நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பே, அதாவது டிசம்பருக்குள், தயாராக வேண்டும். வகுப்புவாரி சேர்க்கை மதிப்பீடு, கூடுதல் ஆசிரியர் தேவை, கட்டமைப்பும் சாதனங்களும், ஆண்டுவாரியாக ஆகும் கூடுதல் செலவு ஆகியவை இருக்க வேண்டும். தொகைக்கு நேராக அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். முதல் நான்கு தேவைகளுக்கு 1, 2, 3, 4 என்று வரிசை எண் கொடுங்கள். பாதிப் பணமே வந்தால் எதை முதலில் செய்வது என்று மறுபடி விவாதிக்க வேண்டியிராது.

செலவும் கணக்கும்

பெரிய செலவுக்கு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். ஒரே கையெழுத்தில் மூன்று விலைப்புள்ளி இருந்தால் தணிக்கையில் நிற்காது. தீர்மானத் தேதி முதலில், பில் தேதி பிறகு; வாங்கிவிட்டு ஒப்புதல் தேடக் கூடாது. வாங்கிய பொருள் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். மாதக் கூட்டத்தில் ரொக்கப் பதிவேட்டின் மீதியையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு வாசியுங்கள். மார்ச் கடைசியில் அவசரமாக வாங்கும் பொருள்கள்தான் பெரும்பாலும் பிரிக்காத பெட்டியாகவே கிடக்கின்றன. டிசம்பருக்குள் பாதியாவது செலவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கிராம சபைக்குக் கொண்டுபோவது

ஊராட்சியிடம் கேட்கும் இனங்களைக் குழுத் தீர்மானத்தின் நகலோடு கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அதற்கான நாள்கள். வாய்ச்சொல்லோடு விடாமல், கோரிக்கை சபையின் தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பும் மனுவில் அந்த எண்ணையும் தேதியையும் எழுதி, மனுவைப் பெற்றதற்கான ஒப்புதல் முத்திரையைக் கையோடு வாங்குங்கள்.