ரீச் ஏறுது, ரூம் காலி: விளம்பரக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

மே மாதம் ரூம் நிறைந்தது என் விளம்பரத்தால்தான் என்று கொடைக்கானலில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மே மாதம் இங்கே மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டு வைத்தாலும் ஆள் வந்து படுப்பார்கள். மார்க்கெட்டிங்கில் ஓட்டை எங்கே என்பது ஜூலை மழையில்தான் தெரியும், அதுவும் கணக்கை ஒழுங்காகப் பார்த்தால்தான். வில்பட்டி பக்கம் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் நானே செய்தவை.

முதலில், போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவது. ஜூன் கணக்கை மே கணக்கோடு வைத்துப் பார்த்தால் எந்த விளம்பரமும் தோற்றதாகத்தான் தெரியும். போன வருடத்தின் இதே மாதத்தை எடுங்கள். அதிலும் சிக்கல் உண்டு. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில், சீசன் முடியும் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பே போட்டார்கள். இதை மறந்துவிட்டு முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் குற்றம் பாவம் விளம்பரத்தின் தலையில் விழும். ஊட்டியில் தீபாவளிக்குச் சாக்லேட் பார்சல் அனுப்பும் கடைக்காரர் என்றால் அவருக்கு இன்னொரு வம்பு: 2023-ல் பண்டிகை நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. நவம்பர் தொகையை மட்டும் பார்த்தால் வியாபாரம் படுத்த மாதிரி இருக்கும், ஆனால் பண்டிகை மாதம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த மாதம் ஊரில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

அடுத்தது ரீச் மயக்கம், அதாவது பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற எண்ணில் மயங்குவது. மூடுபனிக்குள் ஆவி பறக்கும் காபி டம்ளரை வைத்து ஒரு ரீல் போட்டேன், ரீச் எகிறியது, கமெண்ட் போட்டவர்களைப் பார்த்தால் பாதிப் பேர் இதே மலைக்காரர்கள். அவர்கள் என் வீட்டில் வந்து வாடகை கொடுத்துத் தங்கவா போகிறார்கள்? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கணக்கில் 'க்ளிக்ஸ் ஆல்' என்று ஒரு எண் வரும். லைக் போட்டது, பெயரைத் தொட்டு ப்ரொஃபைலுக்குள் போனது எல்லாமே அதில் சேரும். 'லிங்க் க்ளிக்ஸ்' தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். கூகுள் மேப்பில் நம் இடத்துக்கு வரும் 'கால்ஸ்' எண்ணும் இப்படித்தான். கால் பட்டனைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்றுதான் அது சொல்லும், நாம் எடுத்துப் பேசினோமா என்று அதற்குத் தெரியாது.

நான் சறுக்கியது அங்கேதான். ஒரு மழைக்காலம் முழுக்க விசாரணை வருகிறது, புக்கிங் ஆகவில்லை. போட்டோ மாற்றினேன், வாடகையைக் குறைத்தேன், விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் போட்டேன், ஒன்றும் அசையவில்லை. காலேஜ் லீவில் வந்த அண்ணன் மகள், "சித்தப்பா, போனைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு, கோடு போட்ட நோட்டில் நாலு கட்டம் இழுத்தாள்: மெசேஜ் வந்த நேரம், நாம் பதில் போட்ட நேரம், எதைப் பார்த்து வந்தார், கடைசியில் என்ன ஆச்சு. ஒரு மாத வாட்ஸ்அப்பையும் தள்ளித் தள்ளி எழுதி முடித்தபோது பார்த்தால், பாதிக்கு மேல் விசாரணை இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் வந்திருக்கிறது. கீழே ஊர்களில் வேலை முடிந்து, சாப்பிட்டு, குடும்பமாக உட்கார்ந்து ட்ரிப் பேசுகிற நேரம் அது. அந்த நேரத்தில் நான் விருந்தாளிகளுக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டோ கேம்ப்ஃபயருக்கு ஈர விறகை ஊதிக்கொண்டோ இருப்பேன், போன் சமையலறை அலமாரியில், அங்கே சிக்னலே வராது. பதில் போவது மறுநாள் காலை ஏழு மணிக்கு. அதற்குள் அவர் வேறு மூன்று இடத்தில் கேட்டு ஒன்றுக்கு அட்வான்ஸும் போட்டிருப்பார். "விளம்பரம் நல்லாத்தான் வேலை பாக்குது சித்தப்பா, நீங்கதான் பாக்கல" என்றாள். வாடகையைக் குறைத்தது வெட்டி நட்டம்.

மொத்த எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படாது. பார்த்தவர், கேட்டவர், அட்வான்ஸ் போட்டவர், வந்து தங்கியவர் என்று படிப்படியாக எண்ணுங்கள், எந்தப் படியில் ஆள் அதிகம் உதிர்கிறார்களோ அங்கே மட்டும் கை வையுங்கள்.

அப்புறம், கூகுள் சொல்வதையும் மெட்டா சொல்வதையும் கூட்டுவது. ஒரே விருந்தாளியை இரண்டுமே தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். மெட்டா வழக்கமாக, விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள் புக் செய்தவரோடு, தொடாமல் வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் புக் செய்தவரையும் தன் ஆளாகவே எண்ணும். கூகுள் எண்ணையும் மெட்டா எண்ணையும் கூட்டினால் என் நாலு அறையில் ஆறு குடும்பம் தங்கியதாக வரும். வந்து இறங்கியவர்களிடம் டீ கொடுத்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். "நெட்ல பார்த்தோம்" என்று நிறுத்தினால், கடைசியாக எதைப் பார்த்துவிட்டுப் போன் போட்டீர்கள் என்று இன்னொரு கேள்வி.

சின்ன எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு படத்தை ஐம்பது பேருக்கு அனுப்பி நாலு பேர் பதில் போட்டார்கள், இன்னொன்றுக்கு ஆறு பேர் என்றால் எதுவும் ஜெயிக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்.

கடைசியாக, புக்கிங்கை எண்ணிவிட்டுப் பணத்தை எண்ணாமல் விடுவது. ஒரு நாள் வாடகை 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புக்கிங் இணையதளம் வழியாகப் பத்து புக்கிங், அதில் நாலு ரத்து, மீதி ஆறுக்கு 15,000 ரூபாய், 20 சதவீதம் கமிஷன் போனால் 12,000. நேராகப் போனில் வந்தது ஆறே புக்கிங், ஆறும் வந்து தங்கினார்கள், அதற்கு விளம்பரச் செலவு 1,800, கையில் 13,200. பத்து பெரிசு என்று அந்தத் தளத்தையே நான் ஒரு வருடம் கொண்டாடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நோட்டில் 'கையில் வந்தது' என்று ஐந்தாவது கட்டம் இருக்கிறது. போன் மாடி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது, எட்டு மணிக்கு மேல் வீட்டுக்காரம்மா பொறுப்பு.