போர் நடந்த மண்ணை நிவாரண வேலையாட்களைக் கொண்டு பேணும் முறை

1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு தொடங்கி, 1933 முதல் 1942 வரை நடத்திய வேலைப்படையின் இளைஞர்கள், மாதம் 30 டாலர் ஊதியத்தில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த விக்ஸ்பர்க் போன்ற பழைய போர்க்களங்களில் மண்ணரிப்பைத் தடுத்தார்கள். 1801-இல் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மேட்டிலும், நெல்லைச் சீமையின் பிற போர்த்தலங்களிலும், அரசின் ஊரக வேலைத்திட்ட ஆட்களைக் கொண்டு அவ்வாறே செய்யலாம்.

முதலில் தொல்லியல் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெறுங்கள். அது இல்லாமல் ஒரு கூடை மண்ணும் நகரக் கூடாது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் மண்ணடியில் கிடக்கும் சுவர்த்தடமும் பானை ஓடும் குலைந்துவிடும் என்பதால், பொக்லைனை இறக்காமல், அரிவாளால் தரையொட்டி வெட்டி, துளிர்க்கும்போதெல்லாம் மீண்டும் வெட்டுவதே சரியான வழி. கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் கரையும். ஆகவே ஐப்பசிக்கு முன்பே, வெளியிலிருந்து கொண்டுவந்த கற்களைச் சரிவின் குறுக்கே, குழி தோண்டாமல், தாழ்வாக அடுக்குங்கள். மழைநீர் எப்பக்கம் இறங்கும் என்பதை அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் கேட்டறிவது நல்லது. எந்த வரைபடத்தையும்விட அவர்கள் சொல்வதையே நான் நம்புவேன்.

குண்டோ காசோ தென்பட்டால், அதைத் தொடாமல் வேலையை நிறுத்தி, இடத்தைக் குறித்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே அனைவருக்கும் விளக்குங்கள். அருகிலுள்ள ஆங்கிலேயப் படையினரின் கல்லறைகளையும் அதே கவனத்தோடு, கையால் மட்டுமே துப்புரவு செய்யுங்கள்.