வயதான ராக் பாடகர்களின் ஜோடிப் பாட்டு ஆல்பங்கள்: எதைக் கேட்கலாம், எதை விடலாம்

"அண்ணாச்சி, இந்த வயசான ராக் பாட்டுக்காரங்க யாரையாவது ஜோடி சேத்துக்கிட்டு அடுத்தவங்க பழைய பாட்டையே திரும்பப் பாடி ஆல்பம் போடுதாங்களே, அதெல்லாம் கேக்கலாமா?" என்று பாளையங்கோட்டைப் பக்கம் ராக் கேட்கிற பையன்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாகக் கேட்கலாம். சில ஆல்பங்கள் அந்தப் பாடகர்களின் இளமைக்காலப் பாட்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு இருக்கின்றன. ஆனால் காசுக்காக அவசரமாகக் கூட்டிச் சேர்த்ததும் நிறைய உண்டு, அதனால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். ஆல்பம் முழுக்க ஒரே ஜோடியா, பாட்டுக்கு ஒரு விருந்தாளியா? ஒரே ஜோடி என்றால் நல்ல அறிகுறி. இரண்டு பேரும் சேர்ந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, யார் எங்கே எடுப்பது, யார் எங்கே அடங்குவது என்று பழகியிருப்பார்கள். பாட்டுக்கு ஒரு பெரிய பெயர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2006-இல் பியானோ அடித்துப் பாடும் பழைய ராக் அண்ட் ரோல்காரர் ஜெர்ரி லீ லூயிஸ் 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' போட்டபோது அவருக்கு வயது 70. பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுகிறது, ஜிம்மி பேஜ், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நீல் யங் என்று வரிசையாக வருகிறார்கள், ஆனாலும் அவருடைய பியானோ எல்லோரையும் தன் இழுப்புக்கு இழுத்துவிடுவதால் ஆல்பம் சிதறவில்லை. எல்லோருக்கும் அந்தத் தெம்பு கிடையாது.

அடுத்து, இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று பாடினார்களா என்று பாருங்கள். பிராங்க் சினாட்ரா ராக் பாடகர் இல்லை, இருந்தாலும் இந்த மாதிரி ஆல்பத்துக்கு வழி போட்டதில் அவருடைய 1993 'டூயட்ஸ்'க்குப் பெரிய பங்கு உண்டு. சினாட்ரா தன் பங்கைப் பாடி வைத்தார், ஜோடிகள் வேறு இடங்களில் தனியாகப் பாடி அனுப்பினார்கள், யூ2 ராக் குழுவின் பாடகர் போனோ உட்பட. ஆல்பம் நன்றாக விற்றது. ஆனால் கேட்டால் இரண்டு பேர் பேசிக்கொள்கிற உணர்வு வராது. தனித்தனியாகப் பாடி ஒட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, நம்ம சினிமாப் பாட்டிலும் அது சகஜம்தான். ஒட்டியது காதுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இருவரும் சேர்ந்து பாடுகிற வரியின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். இருவரும் ஒரே இடத்தில் விடுகிறார்களா, மூச்சு எடுப்பதும் சேர்ந்து வருகிறதா? ஒருவர் இழுக்கும்போது மற்றவர் முன்னாலேயே முடித்துவிட்டால், அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை என்று அர்த்தம். இது போன் ஸ்பீக்கரில் பிடிபடாது, சாதாரண ஹெட்செட்டாவது வேண்டும், பஸ்ஸில் போகும்போது கேட்டு முடிவு செய்யாதீர்கள். நம்ம ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: புலவர் வரியை விடுகிற இடத்தில் பின்பாட்டு சரியாக வந்து தாங்கினால்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் குரல். வயதாக ஆக மேல் ஸ்தாயி குறையும், மூச்சும் குறுகும், யாருக்கும் அது தப்பாது. அதற்காகச் சுருதியை இறக்கினால் கூடப் பாடுகிற பெண்ணுக்கு அது ரொம்பக் கீழே போய், குரல் எடுபடாமல் போகலாம். இருவருக்கும் பொதுவான ஒரு இடத்தைப் பிடிப்பதில்தான் தயாரிப்பாளரின் திறமை தெரியும். பழைய கத்தலைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறவர்களைவிட, இருக்கிற குரலுக்கு ஏற்ற பாட்டைத் தேடுகிறவர்களை நம்புங்கள்.

இதற்கெல்லாம் ஒரே உதாரணம் கேட்டால் ராபர்ட் பிளாண்டும் அலிசன் கிராஸும் 2007-இல் போட்ட 'ரெய்சிங் சாண்ட்'தான். பிளாண்ட் லெட் செப்பெலின் என்ற ராக் குழுவில் தொண்டை கிழியப் பாடியவர், கிராஸ் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் வளர்ந்த பாடகி, பிடில்காரர், தயாரிப்பு டி போன் பர்னெட். பிளாண்டுக்கு அப்போது 59 வயது. 2009 கிராமியில் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் இதற்குத்தான். விருதை விடுங்கள், 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்' என்ற பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் லெட் செப்பெலின் கிதார்காரர் ஜிம்மி பேஜுடன் பிளாண்ட் பாடிய பாட்டு இது, அங்கே கிதார் முன்னால் நிற்கும். இங்கே வேகம் தணிந்து, டிரம்ஸ் அடியில் மெதுவாக உருள, பிளாண்ட் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி பாட, கிராஸின் குரல் மேலே மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டே வருகிறது. அத்தனை பெரிய மேடைகளில் முன்னால் நின்ற மனிதர் இன்னொரு குரலுக்கு இடம் விட்டு நிற்பது அதில் அப்படியே கேட்கும், எனக்கு அந்த இடம் ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். வரிகள் நிதானமாக வருவதால் ஆங்கில உச்சரிப்பு பிடிபடாதவர்களுக்கும் இது சுலபம்.

ராட் ஸ்டீவர்ட் 2002-இல் தொடங்கிய பழைய அமெரிக்கப் பாட்டு ஆல்பங்களில் ஜோடிப் பாட்டு அங்கங்கேதான், பாடகி ஷெர் கூடப் பாடியது உட்பட. கேட்கச் சுகம், ஆனால் ஒரு ஆல்பம் போதும், அதற்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி. கிதார்காரர்கள் எரிக் கிளாப்டனும் பி. பி. கிங்கும் சேர்ந்த 2000-ஆம் ஆண்டு 'ரைடிங் வித் த கிங்'கைக் கட்டாயம் கேளுங்கள். அங்கே குரலோடு கிதாரும் மாறி மாறிப் பேசும், தன்னைவிட ஏறக்குறைய 20 வயது மூத்த கிங்குக்குக் கிளாப்டன் தருகிற மரியாதை வாசிப்பிலேயே தெரியும்.

கேட்கிற வரிசையும் முக்கியம். முதலில் மூலத்தை, அதாவது அந்தப் பாட்டின் பழைய பதிவைத் தேடாதீர்கள், புதுப் பதிவையே புதுப் பாட்டாக நினைத்துக் கேளுங்கள். அதிலேயே பிடிக்கவில்லை என்றால் மூலத்தோடு ஒப்பிட்டு நல்லது தேட வேண்டிய அவசியமில்லை, விட்டுவிடலாம். பிடித்தால் மூலத்தைக் கேட்டுவிட்டு மறுபடி இதற்கு வாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் அந்த ஆல்பத்துக்குக் காசு கொடுத்து டிஸ்க் வாங்க வேண்டாம், போனில் கேட்டதே போதும்.

எல்லாருக்கும் தெரிந்த ஹிட்டுகளை மட்டும் வைத்திருக்கிற ஆல்பத்தைவிட, மறந்துபோன பாட்டுகளைத் தோண்டி எடுத்த ஆல்பத்தால் லாபம் அதிகம், ஏனென்றால் அதன் வழியாக நமக்குத் தெரியாத பாடகர்கள் கிடைப்பார்கள். 'ரெய்சிங் சாண்ட்'டில் ஜீன் கிளார்க் என்ற அமெரிக்கப் பாடகர் எழுதிய பாட்டு இரண்டு இருக்கிறது. இரண்டும் 1969-இல் அவர் பாஞ்சோ வாசிக்கும் டக் டில்லார்டுடன் சேர்ந்து போட்ட ஆல்பத்தில் வந்தவை. பிளாண்டையும் கிராஸையும் கேட்டு முடித்ததும் அந்த ஆல்பத்தைத் தேடிப் போட்டுக் கேளுங்கள்.