வீட்டு ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறை: சுண்ணாம்புக் கோட்டிலிருந்து தொடங்குங்கள்

திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு வண்டிப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. ஒரு பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள், இன்னொரு பக்கம் சங்ககிரி லாரிகள், கொஞ்சம் தள்ளிப் போனால் நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகள். அப்பா ஓட்டிய டாடா 407 சிறு லாரியை விற்க மனம் வராமல் நான் வைத்துக்கொண்டேன். 407 சந்தைக்கு வந்தது 1986இல். எங்களுடையது 1998 மாடல். அதன் வேலைகளை நானே பார்த்துக்கொள்ள 2023இல் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டேன். போட்டதில் ஒரு பெரிய தவறும் செய்தேன். அந்தத் தவறின் அடையாளம் இன்றும் சுவரில் ஓர் ஓட்டையாக இருக்கிறது. என் மனைவி அதை ஜன்னல் என்று சொல்லி விருந்தினருக்குக் காட்டுகிறாள்.

இது உங்கள் சொந்த வண்டிக்கான பட்டறை பற்றியது. அடுத்தவர் வண்டிக்குக் காசு வாங்கி வேலை செய்வதாக இருந்தால் வீட்டு மின் இணைப்பு செல்லாது, வணிக இணைப்பு வேண்டும். கட்டட அனுமதியை உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பேனர் பிடிப்பது எப்படி என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

படி 1: நிற்கும் வண்டியை அளக்காதீர்கள்

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வண்டியை நிறுத்தி டேப் பிடித்தேன். நீளம் 17 அடி, அகலம் ஆறரை அடி. வேலை மேசைக்கு இரண்டரை அடி, ஆள் நடக்கப் பக்கத்துக்கு இரண்டரை அடி. ஆக மொத்தம் 14 அடி அகலம் போதும் என்று கணக்குப் போட்டு, நான்கடி உயரத்துக்குச் செங்கல் சுவரும் எழுப்பியாயிற்று.

நான்கு மாதம் கழித்துப் பின் ஆக்சிலில் எண்ணெய்க் கசிவு. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன், பின் சக்கரங்களைக் கழற்றினேன், எண்ணெயை வடித்தேன். வலப்பக்க ஆக்சில் ஷாஃப்டை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் நீண்ட தண்டை, உருவியபோது அது மேசைக்கு அடியில் நுழைந்து தப்பித்துக்கொண்டது. இடப்பக்க ஷாஃப்டை உருவினேன். பாதிக்கு மேல் வந்தது, முக்காலும் வந்தது, பிறகு சுவரில் முட்டி நின்றது. நான்கு விரல் அகலம்தான் குறைந்தது. ஷாஃப்ட் உறையை விட்டு முழுதாக வெளியே வரும்வரை நேராகத்தான் இழுக்க வேண்டும், வளைத்து எடுக்க வழியில்லை. சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் வண்டியை வெளியே தள்ளவும் முடியாது. கடைசியில் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டத்துக்குச் சுவரில் உளி வைத்தேன். ஜன்னலின் கதை அதுதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் திறந்து வைத்துச் சுண்ணாம்புப் பொடியால் சுற்றிலும் கோடு போடுங்கள். இரண்டு கதவுகளும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பின் கதவு கீழே இறங்கியிருக்க வேண்டும். பின் ஹப்பிலிருந்து வெளிப்பக்கமாக ஷாஃப்டின் நீளத்துக்கு ஒரு கோடு. என் வண்டியில் அது ஏறத்தாழ மூன்றடி. உங்கள் வண்டிக்குப் பழகிய மெக்கானிக்கிடம் கேளுங்கள், அல்லது உதிரிபாகக் கடையில் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். முன்னால் எஞ்சினை இழுத்து இறக்க நான்கடி, பின்னால் மூன்றடி. இப்படிப் போட்டால் 407க்கு 24 அடி நீளம், 16 அடி அகலம் வரும். இடம் இல்லையென்றால் என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

உயரத்திலும் இதே பொறிதான். வண்டியின் உயரத்தைப் பார்த்து பத்தடிக் கூரை போதும் என்று தோன்றும். எஞ்சினைத் தூக்கும் நாளை நினைத்துக் கணக்குப் போடுங்கள். முன் கிரில்லின் மேல் விளிம்பு நான்கடி, அதைத் தாண்ட வேண்டிய எஞ்சினின் உயரம் மூன்றடி, அதைக் கட்டும் சங்கிலி ஒன்றரை அடி, செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) அடக்கமாக நிற்கும்போது ஒன்றரை அடி, மேலே பீமுக்கு அரையடி. பத்தரை அடி ஆகிவிட்டது. பன்னிரண்டடி போடுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் நான் தப்பித்தேன், அதுவும் டிரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) அடித்தவர் சொன்னதால்.

படி 2: பணத்தைப் பிரியுங்கள்

நான் முதலில் போட்ட கணக்கு மொத்தம் 2 லட்சம் ரூபாய். அதில் பாதி கருவிகளுக்கு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஸ்பேனரை அடுத்த மாதமும் வாங்கலாம், தரையை அடுத்த மாதம் தடிமனாக்க முடியாது. பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்: இடம், தரை, உயரம், வயரிங். மீந்ததில் கருவி.

16 அடி அகலத்துக்கு, நான் 2023இல் கொடுத்த விலைகளை வைத்துத் திருத்திய கணக்கு இது. தரை 68,000. இரும்புத் தூண், டிரஸ், ஜி.ஐ. ஷீட் 1,15,000. நான்கடிச் சுவர் 45,000. ஷட்டர் 30,000. எஞ்சின் தூக்கும் பீமும் அதன் தூண்களும் 22,000. வயரிங் 28,000. முதல் ஆண்டுக் கருவிகள் 55,000. கூட்டினால் 3,63,000. இதற்கு மேல் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மழை வரும், கொத்தனார் வரமாட்டார், ஜல்லி விலை ஏறும். ஆக நான்கு லட்சம். அதில் கருவிகளின் பங்கு ஏழில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கையில் அவ்வளவு இல்லையென்றால் சுவரையும் ஷட்டரையும் தள்ளிப்போடுங்கள். தரையும் கூரையும் வயரும் இருந்தால் வேலை நடக்கும். தரையின் தடிமனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 3: தரை

கொத்தனார் நான்கு அங்குலம் போதும் என்பார். கார் நிறுத்த அது போதும். நமக்கு ஆறு அங்குலம் வேண்டும். 407 காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல். அது டயரில் நிற்கும்போது எடை பரவிவிடும். ஸ்டாண்டில் வைத்தால் அதே எடை நான்கு சின்னக் கால்களில் இறங்கும். அடியில் புது மண் நிரப்பிச் சரியாகத் திமிசு போடாமல் விட்டிருந்தால் தரை அங்கேதான் முதலில் வாய் பிளக்கும்.

24 × 16 அடிக்கு ஆறு அங்குலம் என்றால் 192 கன அடி காங்கிரீட். எம்20 என்ற வலுத்தரக் கலவைக்கு ஏறக்குறைய 44 மூட்டை சிமென்ட், ஒரு யூனிட் (100 கன அடி) எம் சாண்ட், ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜல்லி. இரண்டு யூனிட்டாகச் சொல்லிவிடுங்கள், மீதி வாசலுக்கு ஆகும். 8 மி.மீ. கம்பியை எட்டு அங்குல இடைவெளியில் இரு பக்கமும் கட்டினால் 140 கிலோ வரும். கம்பியைத் தரையில் போட்டு அதன்மேல் காங்கிரீட் கொட்டுவார்கள். நின்று பாருங்கள், அடியில் சின்னச் சின்னக் கவர் கல் வைத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஓடட்டும் என்று தரை முழுதும் சரிவு கொடுக்க வருவார்கள். வேண்டாம். ஜாக்கி வைக்கும் இடம் ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும். கதவை ஒட்டிய கடைசி நான்கடிக்கு மட்டும் சரிவு போதும். போட்ட தரையைக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்டிக் காயாமல் வைத்திருங்கள். எம்20 தன் முழு வலுவை எட்டுவது 28ஆம் நாள் கணக்கு, அதுவரை வண்டியை ஏற்றாதீர்கள். நான் பொறுக்க முடியாமல் 19ஆம் நாள் ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

படி 4: மின்சாரம்

வீட்டு மீட்டரிலிருந்து ஷெட்டுக்கு வயர் ஓடும் தூரம் 60 அடி. எலெக்ட்ரீஷியன் 2.5 சதுர மி.மீ. வயரைக் கொண்டுவந்தார், நான் 6 சதுர மி.மீ. செம்பு வயர் கேட்டேன். காரணம் இருக்கிறது. 2 எச்.பி. கம்ப்ரசர் ஓடும்போது பத்து ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்து மடங்கு இழுக்கும். நீண்ட மெல்லிய வயரில் அந்த நொடியில் மின்னழுத்தம் விழும், மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். வெல்டிங் மெஷினுக்கும் கம்ப்ரசருக்கும் தனித்தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வையுங்கள். பிளக் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஈரத் தரையில் கிரைண்டர் பிடிப்பவருக்கு அதுதான் உயிர்க் காவல். ஷெட்டுக்குத் தனி எர்த் குழி போடுங்கள்.

விளக்கு: கூரையில் மட்டும் வைத்தால் வண்டிக்கு அடியில் இருட்டு. சுவரில் இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் எல்.இ.டி. பட்டை விளக்கு வையுங்கள்.

படி 5: கருவிகள், என் விருப்பு வெறுப்புகளுடன்

இருநூறு உருப்படி உள்ள பெட்டி ஒன்றை வாங்க ஆசை வரும். அதில் நூற்றைம்பதை நீங்கள் தொடவே மாட்டீர்கள். தபாரியா நிறுவனத்தின் ரிங் ஸ்பேனர் செட் ஒன்றும், அரை அங்குல சாக்கெட் செட் ஒன்றும் முதலில் வாங்குங்கள். திறந்த வாய் ஸ்பேனர் எனக்கு ஆகாது, பழைய நட்டின் முனையைத் தின்றுவிடும். சக்கர நட்டுக்கு முக்கால் அங்குல சாக்கெட்டும் கைப்பிடியும், அதோடு கைப்பிடியை நீட்டிக்க மூன்றடி இரும்புக் குழாய் ஒன்றும். நட்டைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி அழகுதான். ஆனால் முக்கால் அங்குலத் துப்பாக்கிக்கு 2 எச்.பி. கம்ப்ரசரின் காற்று போதாது, நான்கு நட்டுக்குள் மூச்சு வாங்கும். குழாய்க்கு மூச்சு வாங்காது.

10 டன் பாட்டில் ஜாக்கி இரண்டு, 6 டன் ஸ்டாண்டு நான்கு. இவற்றில் பேரம் பேசாதீர்கள். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் ஓரடிச் சதுர இரும்புத் தகடு வையுங்கள். தூக்காத சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மட்டும் பழையதாக வாங்குங்கள். சேலத்துப் பழைய இரும்புக் கடையில் ஆறு அங்குல வைஸ் எனக்குப் புதியதன் பாதி விலைக்குக் கிடைத்தது, அது என் பேரனுக்கும் உழைக்கும். கிரீஸ் கன், 6 கிலோ உலர்பொடி தீயணைப்பான், எண்ணெய் வடிக்க அகலமான தட்டு, இவை முதல் மாதமே வேண்டும். வடித்த எண்ணெயைக் கேனில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். வேலி ஓரம் ஊற்றினால் நம் கிணற்றுக்கே வரும்.

பிறகு சேர்த்தவை

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தரையில் குழி எடுக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வீட்டில் வேண்டாம் என்பது என் கட்சி. பெட்ரோல் ஆவியும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானவை, குழியைத் தேடிப் போய்த் தங்கும், ஒரு தீப்பொறி போதும். ஐப்பசி மழையில் தண்ணீரும் ஊறும். பத்து நாளுக்கொருமுறை எண்ணெய் மாற்றுபவருக்குத்தான் குழி. நமக்கு ஸ்டாண்டும் கீழே படுக்க ஒரு பலகையும் போதும்.

செயின் பிளாக்கைக் கூரை டிரஸ்ஸிலேயே மாட்டிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ஷீட்டையும் காற்றையும் தாங்க அடித்த டிரஸ் அது, எஞ்சினைத் தாங்க அல்ல. தரையிலிருந்து எழும் தனித் தூண்கள் மீது ஐ பீம் வைத்து அதில் மாட்டுங்கள். என் கணக்கில் 22,000 தனியாக இருப்பது இதற்காகத்தான்.

இன்னொருவருக்கு இருப்பதே 12 அடி அகலம். சுவரே கட்டாதீர்கள் என்று சொன்னேன், குறைந்தது பின் ஆக்சில் நிற்கும் இடத்தில் ஆறடிக்காவது இரு பக்கமும் திறந்து விடுங்கள், அந்தப் பக்கம் உங்கள் இடமாக மட்டும் இருக்கட்டும். மழைச் சாரலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொள்ளலாம். லாரிக்காரர் வீட்டில் தார்ப்பாய்க்கா பஞ்சம்?