தலை நடுங்கும் கன்றும் பழி சுமக்கும் பசுவும்

பிறந்தபோது நன்றாக இருந்த கன்று சில மாதங்களில் தேறாமல் போகிறது. தலை லேசாக நடுங்குகிறது. விரட்டினால் பின்னங்கால் தள்ளாடுகிறது. கிட்டே போனால் முட்ட வருகிறது. உடனே குடற்புழு மருந்து, தாது உப்பு, சத்து ஊசி என்று ஒரு சுற்று நடக்கும். ஆங்கஸ், முர்ரே கிரே, காலோவே இனக் கன்றென்றால் ஆல்ஃபா மானோசிடோசிஸ் என்ற பரம்பரை நோயையும் சந்தேகிக்க வேண்டும். செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பைதான் லைசோசோம். அதில் ஒரு நொதி வேலை செய்யாததால், உடைபடாத சர்க்கரைச் சங்கிலிகள் நரம்புச் செல்களில் தேங்கிவிடுகின்றன. எந்தச் சத்து மருந்தும் இதைச் சரிசெய்யாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஸ்வைன்சோனா, லோகோ செடிகளில் இருக்கும் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு இதே நொதியை முடக்கி, ஏறக்குறைய இதே அறிகுறிகளைக் காட்டும். வளர்ந்த மாடுகளும் சேர்ந்து தள்ளாடினால் பரம்பரையைத் தேடாமல் முதலில் மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள்.

நோய் உறுதியானதும் பசுவை விற்றுவிட்டுக் காளையை வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்து ஆகப் பெரிய தவறு. பழுதான மரபணு இரு பக்கமிருந்தும் வந்தால்தான் கன்றுக்கு நோய் வரும். பசு ஆண்டுக்கு ஒரு கன்று போடும். காளையோ உறைவிந்து வழியே ஊரெல்லாம் பரவும்.

"இருபது கன்றுக்கு அப்பன், ஒன்றுகூடப் பழுதில்லை" என்பார்கள். பழுதில்லாத பசுக்களோடு சேர்த்தால் இருநூறு கன்று பிறந்தாலும் நோய் தெரியாது. ஆனால் காளை பழுதான மரபணுவைச் சுமந்தால் பாதிக் கன்றுகளும் அதைச் சுமக்கும். மரபணுவைச் சுமக்கிறது என்று உறுதியான பசுக்களோடு சேர்த்தாலும், சந்தேகத்தை 5 சதவீதத்துக்குக் கீழே இறக்க 11 நல்ல கன்றுகள் வேண்டும். முடி வேரில் செய்யும் டிஎன்ஏ சோதனை இதைவிட எவ்வளவோ சுலபம். நியூசிலாந்தில் 1970களிலேயே ரத்தத்தில் நொதி அளவைப் பார்த்துச் சுமக்கும் மாடுகளைப் பிரித்தார்கள். அவற்றில் நொதி ஏறக்குறைய பாதிதான் இருக்கும்.

ஆனால் எல்லா இனத்துக்கும் ஒரே சோதனை போதாது. ஆங்கஸிலும் காலோவேயிலும் பிழை வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. இதேபோல் லைசோசோமில் வேறொரு நொதி பழுதாகி பிராமன் இன மாடுகளில் வரும் போம்ப்பே என்ற பரம்பரை நோய்க்கு இரண்டு தனித்தனிப் பிழைகள் காரணம். ஒன்றை மட்டும் பார்த்துச் சான்று வாங்கினால் பாதி வேலைதான்.

மரபணுவைச் சுமக்கும் மாட்டையெல்லாம் கழித்துக்கட்டவும் வேண்டாம், அதற்கு நோய் வராது. சோதித்த நல்ல காளையோடு சேர்த்தால் கன்றுக்கும் வராது. நோய்க் கன்றின் கூடப்பிறந்த கிடேரி எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும், அது மரபணுவைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. சினைக்கு விடுமுன் சோதித்துவிடுங்கள்.