பழவேற்காடு போகிறவர்களும் குடியேறப் பார்க்கிறவர்களும் செய்கிற தவறுகள்

பழவேற்காடு சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர்தான், சிக்கலே அதில்தான் இருக்கிறது. பக்கத்து ஊர்தானே என்று ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மெதுவாக எழுந்து, பொன்னேரி வழியாகப் போய்ச் சேரும்போது உச்சி வெயில், மீன் ஏலம் முடிந்திருக்கும், படகுகள் கரையில் கிடக்கும், அப்புறம் "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வந்து சொல்வார்கள். உப்பங்கழி (கடலோடு சேரும் உப்புநீர் ஏரி) ஓரத்து ஊர்கள் விடியற்காலையில் ஓடி, மதியத்தில் படுத்துவிடும். ஆறு, ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். வெயிலுக்கு மட்டும் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த ஏரியில் அலை அடிக்கும்.

ஏரி ஆழமில்லை என்று நம்புவது அடுத்த தவறு, உயிரை வாங்கும் தவறும் இதுதான். சராசரியாகப் பார்த்தால் ஒரு மீட்டர் ஆழம்தான், பல இடங்களில் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போவதைப் பார்க்கலாம், அதைப் பார்த்துவிட்டுத்தான் துணிச்சல் வருகிறது. ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கம் நிலைமையே வேறு. நீரோட்டம் இழுக்கும், காலையில் நின்ற மணல்திட்டு சாயங்காலம் நீருக்குள் இருக்கும். 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இருந்தும் கரையில் யாராவது ஒருவர் வந்து "ஒரு ரவுண்டு போலாமா சார்" என்று கேட்பார். அவருக்கு அது அன்றைய கூலி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். மீன்பிடிப் படகில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மிதவைச் சட்டை இருக்காது.

பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க மே மாதத்தில் போகிறவர்களும் உண்டு. சரி, அதையாவது விசாரிக்காமல் போனதாக விட்டுவிடலாம். நவம்பரில் நல்ல மழை பெய்த மறுவாரமே ஓடுகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான், ஏனென்றால் பூநாரை நின்றுகொண்டு, தலையைக் கவிழ்த்து சேற்றைச் சலித்துத் தின்கிற பறவை, தண்ணீர் ஏறிக் கிடந்தால் அதற்குக் கால் ஊன்ற இடமில்லை. மழைத் தண்ணீர் வடிந்து மட்டம் இறங்கும் ஜனவரி, பிப்ரவரிதான் தோது. அண்ணாமலைச்சேரி பக்கம் கரையில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள், அல்லது ஆந்திரப் பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது, அங்கிருந்தே நன்றாகத் தெரியும். கிட்டே போய் விரட்டிப் பறக்கவைத்து எடுக்கும் படத்தில் எனக்கு மரியாதை இல்லை.

இந்த ஏரி அங்கே உள்ளவர்களுக்கு வயல் மாதிரி. வயல் என்றால் வரப்பும் முறையும் இருக்கும் இல்லையா, இங்கேயும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்பதைச் சில குப்பங்கள் பல தலைமுறைகளாகப் 'பாடு' என்ற முறைப்படி சுற்றில் விட்டுப் பிரித்துக்கொள்கின்றன. அதற்காக ஊர்க்கூட்டம் நடக்கும், மீறினால் அபராதம் உண்டு, சண்டையும் உண்டு. இது தெரியாமல் கரையோரம் வீடு எடுத்தவர், வீட்டுக்கு எதிரே இருக்கும் தண்ணீர் தன்னுடையது போல நினைத்துத் தூண்டில் போட ஆரம்பிப்பதும், வாசலுக்கு எதிரே படகு கட்டாதே என்று சொல்வதும் நடக்கிறது. வருகிறவர் நேற்று வந்தவர், படகு கட்டும் இடம் அவர் தாத்தா பிறப்பதற்கு முன்பிருந்தே படகு கட்டும் இடம். அதேபோல, வெயிலில் தெருவை அடைத்து விரித்திருக்கும் வலைமேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் ஒருவர் உட்கார்ந்து கோர்க்க வேண்டும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. ஆழமில்லாத சேற்றில் இருளர் பெண்கள் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள், இரண்டு கையும் நீருக்குள் இருப்பதால் ஓலைக்கூடையின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கிடைத்ததை அதில் போட்டபடி நகர்வார்கள். தண்ணீரில் நனைந்த புடவையோடு வேலை செய்கிறவரை, கேட்காமல் கரையில் நின்று படம் பிடிப்பதை என்னவென்று சொல்வது? நம் அலுவலகத்தில் யாராவது வந்து அப்படி எடுத்தால் விடுவோமா.

டச்சுக் கோட்டை பார்க்கப் போகிறேன் என்பவர்களுக்கு: கோட்டை இல்லை. 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. சோழமண்டலக் கடற்கரையில் 1690 வரை டச்சுக்காரர்களுக்கு அதுதான் தலைமையிடம், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாறிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும்.

குடியேறப் பார்க்கிறவர்களுக்குத்தான் பாடம் அதிகம். வெள்ளம் என்றால் கடலிலிருந்து வரும் என்று எல்லோரும் கடல் பக்கமே பார்ப்பார்கள், இங்கே முதுகுப் பக்கத்திலிருந்தும் வரும். ஆரணியாறு இந்த ஏரியில்தான் வந்து விழுகிறது, ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறும், அந்த நேரம் முகத்துவாரம் மணல் தூர்ந்து கிடந்தால் சீக்கிரம் வடியாது. அடுத்தது உப்பு. ஆழ்துளைக் கிணறு போட்டுப் பெருமையாகக் குழாயைத் திறந்தால் கரிக்கும், குடிக்கத் தண்ணீர் வாங்கத்தான் வேண்டும். ஜன்னல் கம்பி, பைக் சங்கிலி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் துருப்பிடிக்கும், இரும்பு கேட் போடாதீர்கள். கருவாட்டு வாசம் ஆகாது என்றால் வராமல் இருப்பதே நல்லது, வந்துவிட்டுப் பஞ்சாயத்தில் புகார் கொடுத்தால் உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அது நியாயம்தான்.

மனை வாங்கும்போது பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கடல் ஏற்ற இறக்கம் உள்ள நீர்நிலை என்பதால் கரையோரம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வரும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலிருந்தே பறவைகள் சரணாலயம் வேறு, அதன் எல்லை ஊர் நிலங்களுக்குள்ளும் நீள்கிறது. பத்திரம் பதிவானாலும் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். சர்வே எண்ணோடு வனத்துறையிலும், மண்டல வரைபடத்திலும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். "வியூ" என்று தரகர் சொல்கிற மனைதான் பெரும்பாலும் முதலில் மாட்டும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கேயே வாடகைக்கு இருந்து பாருங்கள், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.